மூன்று சர்வர் செஃப் கிளஸ்டர்: எந்த செட்டிங்கை மாற்றுவது, எதை அப்படியே விடுவது?

ரேக்கடியில்:

வணக்கம் மக்களே. அலுவலகத்தில் விஎம்களுக்கும் (விர்ச்சுவல் மெஷின்கள்) பொதுவான ஃபைல் ஷேருக்கும் சேர்த்து ஒரு சின்ன செஃப் (பல சர்வர்களின் டிஸ்குகளை ஒரே ஸ்டோரேஜாகச் சேர்க்கும் மென்பொருள்) கிளஸ்டர் போட்டிருக்கிறேன். மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு, பிளாக் டிபிக்கு (டிஸ்கில் எது எங்கே என்ற குறிப்புகளுக்கு) ஒரு என்விஎம்இ, ராம் 64 ஜிபி, 10 கிக் போர்ட் இரண்டு. உபுண்டு 22.04, செஃப் ரீஃப் 18.2, செஃப்ஏடிஎம் (செஃப்பின் நிறுவல் கருவி) வழியாக நிறுவியது. விஎம்களும் இதே மூன்று சர்வரில்தான் ஓடும், தனியாக வாங்கப் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டிகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் செஃப்.கான்ஃப் கோப்பில் பக்கம் பக்கமாக வரிகள் போடச் சொல்கிறார், இன்னொருவர் அந்தக் கோப்பைத் தொடவே தொடாதே என்கிறார். எட்சி செஃப் கோப்புறையில் இருக்கும் செஃப்.கான்ஃபில் 'ஓஎஸ்டி பூல் டிஃபால்ட் சைஸ்' (எத்தனை காப்பி), 'ஓஎஸ்டி மெமரி டார்கெட்' (டிஸ்குக்கு ஒன்றாக ஓடும் ஓஎஸ்டி என்ற டீமனுக்கு எவ்வளவு ராம்) இரண்டையும் எழுதி, மூன்று சர்வரிலும் வைத்து, டீமன்களை (பின்னணியில் ஓடும் செஃப் நிரல்களை) ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே மாறவில்லை. எர்ரரும் இல்லை. சரி என்று 'செஃப் கான்ஃபிக் செட்' கட்டளை வழியாக எல்லா ஓஎஸ்டிக்கும் 4 ஜிபி என்று கொடுத்தேன். கட்டளை அமைதியாக முடிகிறது, ஆனால் 'கான்ஃபிக் ஷோ' போட்டால் இன்னமும் 9 ஜிபி சொச்சம் காட்டுகிறது. எதை நம்புவது?

கூடவே இன்னொன்று. மொத்தம் 48 டெராபைட் இருந்தும் மூன்று காப்பி வைப்பதால் 16 டெராபைட்தான் கிடைக்கும் என்றதும் மேலாளர் முகம் சுருங்கிவிட்டது, இரண்டு காப்பி போதாதா என்கிறார். டேட்டா ஏற்றுவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டிய செட்டிங் எவை என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


நைட்_ஷிஃப்ட்:

முதலில் அந்தக் கோப்பு விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் அது புரியாமல் மற்றதை மாற்றினால் எது வேலை செய்தது எது செய்யவில்லை என்றே தெரியாது.

நீங்கள் படித்த வழிகாட்டிகள் பெரும்பாலும் 2018-க்கு முந்தைய ஆட்கள் எழுதியதாக இருக்கும், இல்லையென்றால் அவர்களைப் பார்த்து எழுதியதாக இருக்கும். செஃப்பின் மிமிக் (2018) வெளியீட்டிலிருந்து செட்டிங் எல்லாம் மானிட்டர்களிடம் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் டீமன்கள், சுருக்கமாக மான்) இருக்கும் மைய டேட்டாபேஸுக்குப் போய்விட்டது. 'செஃப் கான்ஃபிக் செட்' எழுதுவது அங்கேதான். கோப்பில் இருக்க வேண்டியது இரண்டே இரண்டு: கிளஸ்டரின் எஃப்எஸ்ஐடி (அடையாள எண்), மானிட்டர்களின் முகவரி. டீமன் எழுந்ததும் அந்த முகவரியைப் பிடித்து மானிட்டரிடம் போய் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 'செஃப் கான்ஃபிக் ஜெனரேட் மினிமல் கான்ஃப்' என்று போட்டுப் பாருங்கள், அவ்வளவு சின்னக் கோப்பைத்தான் கொடுக்கும்.

ஆனாலும் கோப்புக்கு இன்னும் மதிப்பு போகவில்லை. ஒரே செட்டிங் இரண்டு இடத்திலும் இருந்தால் கோப்பில் இருப்பதுதான் ஜெயிக்கும், டேட்டாபேஸ் தோற்கும். அப்படியென்றால் உங்கள் கோப்பு ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்பீர்கள். செஃப்ஏடிஎம்மில் ஒவ்வொரு டீமனும் கன்டெய்னருக்குள் (சர்வரிலிருந்து பிரித்த தனி அறை மாதிரி) ஓடுகிறது, அதற்கு எட்சியில் இருக்கும் உங்கள் கோப்பு கண்ணிலேயே படாது. வார் லிப் செஃப் கோப்புறைக்குள் எஃப்எஸ்ஐடி பெயரில் ஒன்று இருக்கும், அதற்குள் ஓஎஸ்டி.0, ஓஎஸ்டி.1 என்று தனித்தனிக் கோப்புறை, ஒவ்வொன்றிலும் 'கான்ஃபிக்' என்ற பெயரில் ஒரு குட்டிக் கோப்பு. டீமன் படிப்பது அதைத்தான். எட்சியில் இருப்பது நீங்கள் 'செஃப்' கட்டளை அடிப்பதற்கு மட்டும். அந்தக் குட்டிக் கோப்பைக் கையால் திருத்தலாமே என்று யோசிக்காதீர்கள், அடுத்த ரீகான்ஃபிக்கில் செஃப்ஏடிஎம் அதைத் திரும்ப எழுதிவிடும்.

அடுத்து அந்த 9 ஜிபி. 'செஃப் கான்ஃபிக் டம்ப்' போட்டு 'ஓஎஸ்டி மெமரி டார்கெட்' வரிகளை மட்டும் தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதிய 4 ஜிபி ஒரு வரியில் இருக்கும். அதோடு 'ஹோஸ்ட்' என்று மாஸ்க் (இந்தச் சர்வருக்கு மட்டும் என்ற குறிப்பு) போட்டு, சர்வருக்கு ஒன்றாக இன்னும் மூன்று வரி இருக்கும். அவற்றை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள், செஃப்ஏடிஎம் எழுதியிருக்கும். 'ஓஎஸ்டி மெமரி டார்கெட் ஆட்டோட்யூன்' ஆனில் இருந்தால், சர்வரின் மொத்த ராமில் 0.7 பங்கு தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு, மான், மேனேஜர் போன்றவற்றின் பங்கைக் கழித்து, மிச்சத்தை ஓஎஸ்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 64-ல் 0.7 என்றால் 44.8, மற்றவை போக நான்காகப் பிரித்தால் நீங்கள் பார்க்கிற 9 வந்துவிடும். பொதுவான வரியைவிடக் குறிப்பான வரிக்குத்தான் முன்னுரிமை, அதனால் உங்கள் 4 ஜிபி அங்கேயே இருந்தும் பயனில்லை.

விஎம் இல்லாத, ஸ்டோரேஜுக்கு மட்டுமான சர்வர் என்றால் ஆட்டோட்யூனை அப்படியே விட்டுவிடச் சொல்வேன், நன்றாகவே வேலை செய்யும். உங்களிடம் விஎம்களும் அதே ராமைத்தான் தின்னப் போகின்றன. ஆட்டோட்யூனை ஆஃப் செய்யுங்கள், ஹோஸ்ட் மாஸ்க் போட்ட வரிகளை 'கான்ஃபிக் ஆர்எம்' கொடுத்து எடுங்கள், பிறகு 4 ஜிபி தானாகவே வந்துவிடும், டிஃபால்ட்டே அதுதான். அது டார்கெட் மட்டும்தான், வேலி இல்லை. ரிகவரி (போன காப்பியைத் திரும்ப உருவாக்குவது) நடக்கும்போது ஓஎஸ்டி அதைத் தாண்டும், அதனால் ஓஎஸ்டி ஒன்றுக்கு 5 ஜிபி என்றே கணக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை விஎம்களுக்குக் கொடுங்கள்.

அப்புறம் 'ஓஎஸ்டி பூல் டிஃபால்ட் சைஸ்'. பெயரில் ஓஎஸ்டி இருக்கிறதே என்று 'செட் ஓஎஸ்டி' என்று கொடுப்பவர்கள் நிறைய பேர். பூலை (டேட்டாவை வைக்கும் தனித்தனிப் பகுதி) உருவாக்குவது மானிட்டர், அதைப் படிப்பதும் மானிட்டர்தான். குளோபலில் போடுங்கள். அதுவும் இனிமேல் உருவாக்கும் பூலுக்கு மட்டும்தான், ஏற்கெனவே இருக்கும் பூலுக்கு 'ஓஎஸ்டி பூல் செட்' என்று தனியாகக் கொடுக்க வேண்டும்.


பழைய_சுவிட்ச்:

எங்கள் இடத்தில் கோப்பில் எழுதினால்தான் வேலையே செய்கிறது, டேட்டாபேஸில் எழுதினால் கண்டுகொள்வதில்லை. நாங்கள் வைத்திருப்பது ப்ராக்ஸ்மாக்ஸ், விஎம்களை நடத்தும் தளம். மேலே சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது.


நைட்_ஷிஃப்ட்:

பொருந்துகிறது, நீங்கள் சொல்வதும் அதே விதிதான். ப்ராக்ஸ்மாக்ஸில் செஃப் டீமன்கள் கன்டெய்னருக்குள் ஓடுவதில்லை, எட்சி பிவிஇ கோப்புறையில் இருக்கும் செஃப்.கான்ஃபுக்கு எட்சி செஃப்பிலிருந்து லிங்க் போட்டிருப்பார்கள், எல்லா நோடும் அதையே படிக்கும், கோப்பு டேட்டாபேஸை ஜெயிக்கும். எங்கே இருந்தாலும் சந்தேகம் வந்தால் 'செஃப் கான்ஃபிக் ஷோ ஓஎஸ்டி.3' போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டீமனின் கையில் என்ன மதிப்பு இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, ஃபைலா, மானா, ஓவர்ரைடா என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். 'கான்ஃபிக் கெட்' மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அது டேட்டாபேஸ் என்ன நினைக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும்.

'செஃப் கான்ஃபிக் லாக்' என்று ஒன்று உண்டு, யாருக்கும் நினைவே வராது. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று வரிசையாகக் காட்டும், வேண்டுமானால் 'ரீசெட்' கொடுத்துப் பழைய நிலைக்கும் திரும்பலாம். இரண்டு பேர் நிர்வகிக்கும் கிளஸ்டரில் இது பொன்னான விஷயம்.


குவோரம்_அக்கா:

தம்பி, மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், தொலைந்த டேட்டாவைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சைஸ் (காப்பி எண்ணிக்கை) 3, மின் சைஸ் (படிக்க, எழுதக் குறைந்தபட்சம் உயிரோடு இருக்க வேண்டிய காப்பி) 2. இது டிஃபால்ட்டும்கூட, தொடாதீர்கள். சைஸ் 2 போட்டால் மின் சைஸை 1 ஆக்கியே தீர வேண்டும், இல்லையென்றால் ஒரு சர்வரை அப்டேட்டுக்காக ரீபூட் செய்தாலே விஎம் எல்லாம் உறைந்து நிற்கும். மின் சைஸ் 1 என்றால் ஒரே ஒரு டிஸ்கை நம்பிக்கொண்டு கிளஸ்டர் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அந்த டிஸ்கில் ஒரு செக்டர் படிக்க வரவில்லை என்றால் அந்தத் துண்டு போனது போனதுதான். டிஸ்க் போய் ரிகவரி நடக்கும்போதுதான் மற்ற டிஸ்குகளை மூலை முடுக்கெல்லாம் படிக்கிறோம், ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர் வெளியே வருவதும் அப்போதுதான்.

சரி, இப்போது 16 டெராபைட் கணக்கு. அதுவும் உண்மையில் 16 இல்லை, இதை மேலாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். உங்களிடம் ஃபெயிலியர் டொமைன் ஹோஸ்ட், அதாவது ஒவ்வொரு சர்வரிலும் ஒரு காப்பி. மூன்று சர்வர், மூன்று காப்பி. ஒரு சர்வரில் ஒரு டிஸ்க் போனால், அந்த டிஸ்கின் டேட்டா வேறு சர்வருக்குப் போக முடியாது, அங்கே ஏற்கெனவே ஒரு காப்பி இருக்கிறது. அதே சர்வரில் மிச்சமிருக்கும் மூன்று டிஸ்குக்குள்தான் அடைந்தாக வேண்டும். நீங்கள் டிஸ்கை 70 சதவீதம் நிரப்பி வைத்திருந்தால், நான்கு டிஸ்கின் சுமை மூன்றில் ஏறி 93 சதவீதம் ஆகும். 90-ஐத் தொட்டாலே பேக்ஃபில் (டேட்டாவை வேறு டிஸ்குக்கு நகர்த்தி நிரப்புவது) நின்றுவிடும், 95-ல் எழுதுவதே நின்றுவிடும். ஒரே ஒரு டிஸ்க் போனதற்கு ரிகவரி பாதியில் நிற்கும், மேலும் எழுதினால் மொத்தக் கிளஸ்டரும் முடங்கலாம்.

எச்சரிக்கை வரும் 85 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் சாதாரண நாளில் 64-ஐத் தாண்டக் கூடாது. 16-ல் 64 சதவீதம் என்றால் 10 டெராபைட் சொச்சம். அதுவும் எல்லா டிஸ்கும் சமமாக நிரம்பினால். உங்கள் கையில் இருப்பது 10 டெராபைட் கிளஸ்டர் என்று நினைத்து நடத்துங்கள். 85, 90, 95 என்ற அந்த மூன்று எல்லைகளையும் கான்ஃபிக் டேட்டாபேஸில் போய் மாற்றினால் எதுவும் ஆகாது, கிளஸ்டர் உருவான பிறகு அவை ஓஎஸ்டி மேப்பில்தான் இருக்கும், 'செஃப் ஓஎஸ்டி செட் நியர்ஃபுல் ரேஷியோ' என்று தனிக் கட்டளை. நான் நியர்ஃபுல்லை (அந்த 85-ஐ) மட்டும் 0.65-க்கு இறக்கி வைப்பேன். எச்சரிக்கை சீக்கிரமே வரும், நான்காவது சர்வர் கேட்க ஆதாரமும் கையில் இருக்கும். மற்ற இரண்டையும் ஏற்றிவிடும் ஆசை வரும், வரக் கூடாது. அது அவசரத்துக்கு வைத்திருக்கும் இடம்.

டிஸ்க் டவுன் ஆனதும் செஃப் 600 விநாடி காத்திருந்து அதை அவுட் ஆக்கும் (கணக்கிலிருந்து விலக்கும்), 'மான் ஓஎஸ்டி டவுன் அவுட் இன்டர்வல்' அதுதான். பத்து நிமிடம் போதும், கூட்ட வேண்டாம். திட்டமிட்டு ஒரு சர்வரை நிறுத்தும்போது மட்டும் 'நோஅவுட்' போடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். நான்காவது சர்வர் வந்த பிறகு 'டவுன் அவுட் சப்ட்ரீ லிமிட்' டிஃபால்ட்டாக ரேக்கில் இருப்பதை ஹோஸ்ட்டுக்கு மாற்றலாம். அப்படி மாற்றினால், முழு சர்வரே விழுந்தாலும் செஃப் தானாக 16 டெராபைட்டை இடம் மாற்ற ஆரம்பிக்காது, நீங்கள் போய்ப் பார்த்து முடிவெடுக்கலாம். இன்றைக்கு மூன்றே சர்வர் இருப்பதால் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றுதான், போவதற்கு இடம் இல்லையே.


ரேக்கடியில்:

நைட்_ஷிஃப்ட் அண்ணா, நீங்கள் சொன்ன அந்த ஹோஸ்ட் மாஸ்க் வரிகள் மூன்றும் டம்ப்பில் அப்படியே இருந்தன. எடுத்துவிட்டேன், இப்போது 4 ஜிபி காட்டுகிறது. அக்கா, 10 டெராபைட் கணக்கைத் தாளில் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு நான்காவது சர்வரை அடுத்த பட்ஜெட்டில் எழுதச் சொல்லிவிட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகம். சோதனைக்காக ஒரு டிஸ்கை அவுட் ஆக்கிப் பார்த்தேன், ரிகவரி ஆமை வேகம். 'ஓஎஸ்டி மேக்ஸ் பேக்ஃபில்ஸ்' 8 என்று கொடுத்தால் பழைய மதிப்புக்கே திரும்பிவிடுகிறது. இதற்கும் ஏதாவது மாஸ்க்கா? அடுத்தது, இரண்டு 10 கிக் போர்ட்டில் ஒன்றைக் கிளஸ்டர் நெட்வொர்க்குக்கு, அதாவது ஓஎஸ்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, தனியாகக் கொடுக்கலாமா?


எம்க்ளாக்_எதிரி:

மாஸ்க் இல்லை, எம்க்ளாக். குவின்சி வெளியீட்டிலிருந்து இதுதான் டிஃபால்ட் ஷெட்யூலர் (டிஸ்கில் எந்த வேலை முதலில் என்று தீர்மானிப்பது). பேக்ஃபில், ரிகவரி எண்ணிக்கையை எல்லாம் இது தன் கையில் எடுத்துக்கொள்ளும், நீங்கள் மாற்றினால் திருப்பிப் போட்டுவிடும். 'ஓஎஸ்டி எம்க்ளாக் ஓவர்ரைட் ரிகவரி செட்டிங்ஸ்' ட்ரூ ஆக்கினால் உங்கள் பேச்சைக் கேட்கும், ஆனால் முதலில் அங்கே போகாதீர்கள். 'ஓஎஸ்டி எம்க்ளாக் ப்ரொஃபைல்' என்று ஒன்று இருக்கிறது. ரீஃபில் டிஃபால்ட் 'பேலன்ஸ்ட்'. ராத்திரி யாரும் இல்லாதபோது 'ஹை ரிகவரி ஆப்ஸ்', காலையில் திரும்ப 'பேலன்ஸ்ட்', விஎம்காரர்கள் கத்தினால் 'ஹை கிளையன்ட் ஆப்ஸ்'. ரீஸ்டார்ட் தேவையில்லை, உடனே பிடிக்கும்.

அப்படியும் ஆமைதான் என்றால் திரும்ப 'கான்ஃபிக் டம்ப்' போட்டு 'எம்க்ளாக் மேக்ஸ் கெபாசிட்டி ஐஆப்ஸ்' (விநாடிக்கு எத்தனை தடவை படிக்க, எழுத முடியும்) வரிகளைப் பாருங்கள். ஓஎஸ்டி முதலில் எழும்போது தானே ஒரு பெஞ்ச் (வேகச் சோதனை) ஓட்டி, இந்த டிஸ்கால் இவ்வளவுதான் முடியும் என்று எழுதி வைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்குக்கு டிஃபால்ட் 315. அந்த நேரம் டிஸ்க் வேறு வேலையில் இருந்திருந்தால் அபத்தமாகக் குறைந்த எண் பதிவாகியிருக்கும், அப்புறம் அந்த டிஸ்கை எம்க்ளாக் நோயாளி மாதிரியே நடத்தும். ஒரே மாடல் டிஸ்குகளில் ஒன்று மட்டும் மற்றதைவிட ரொம்பக் கீழே இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மற்ற டிஸ்குகளின் எண்ணைக் கொடுங்கள். பேருக்கேற்ற மாதிரி எனக்கு இந்த ஷெட்யூலர் மேல் கோபம் உண்டு, ஆனால் ரீஃபில் முன்பைவிடத் தேவலை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.


நைட்_ஷிஃப்ட்:

நெட்வொர்க்: பிரிக்க வேண்டாம். இரண்டு போர்ட்டையும் எல்ஏசிபி பாண்ட் (இரண்டு கேபிளையும் ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பு) போட்டு ஒரே பப்ளிக் நெட்வொர்க்காக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஹார்ட் டிஸ்க் சேர்ந்தாலும் 10 கிக்கை நிரப்புவது கஷ்டம், பிரிப்பதால் வேகம் கிடைக்கப் போவதில்லை. தொல்லைதான் கூடும். கிளஸ்டர் நெட்வொர்க் கேபிள் மட்டும் ஒரு சர்வரில் கழன்றால் என்ன ஆகும் என்றால், பக்கத்து ஓஎஸ்டிகளுக்கு ஹார்ட்பீட் (உயிரோடு இருக்கிறேன் என்ற சைகை) போகாது, 20 விநாடியில் இவன் செத்துவிட்டான் என்று மானிட்டரிடம் சொல்லிவிடுவார்கள், ஆனால் பப்ளிக் பக்கம் உயிரோடு இருக்கும் அந்த ஓஎஸ்டி மானிட்டரிடம் போய் நான் இருக்கிறேனே என்று எழுந்து நிற்கும், திரும்பச் சாகும், திரும்ப எழும். லாக்கில் 'ராங்லி மார்க்ட் மீ டவுன்' என்று வரிசையாக வந்தால் இதுதான் கதை. பாண்டில் ஒரு கேபிள் போனால் வேகம் பாதியாகும், அதோடு சரி.

மானிட்டர் ஐபியை மட்டும் இப்போதே நன்றாக யோசித்து வையுங்கள். அது மான்மேப்பில் (மானிட்டர்களின் பட்டியல்) பதிந்துவிடும், கான்ஃபிக்கில் ஒரு வரி மாற்றி ஐபியை மாற்றிவிட முடியாது. ஃபயர்வாலில் 3300, 6789 இரண்டும் திறந்திருக்கட்டும், 6800-லிருந்து தொடங்கும் ஓஎஸ்டி போர்ட்களும்தான். ஜம்போ ஃப்ரேம் (1500-க்குப் பதில் 9000 பைட் பாக்கெட்) போடுவதாக இருந்தால் சுவிட்ச் உட்பட எல்லா இடத்திலும் போட்டுவிட்டு, துண்டாக்காமல் 8972 பைட் பிங் மூன்று சர்வருக்கு நடுவிலும் போய்வருகிறதா என்று பாருங்கள். ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் சின்ன பாக்கெட் எல்லாம் போகும், பெரியது மட்டும் தொலையும், கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும். எங்களுக்கு அதில் கிடைத்த லாபம் ரொம்பச் சொற்பம், நான் 1500-லேயே விட்டிருப்பேன்.


குவோரம்_அக்கா:

பிஜி (பூலின் டேட்டாவை டிஸ்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொகுதிகள்) பற்றி யாரும் சொல்லவில்லை. ஆட்டோஸ்கேலர் (பிஜி எண்ணிக்கையைத் தானாக மாற்றுவது) ஆனிலேயே இருக்கட்டும், ஆனால் விஎம் பூலுக்கும் ஷேரின் டேட்டா பூலுக்கும் 'பல்க்' (பெரிய பூல் என்ற குறி) என்பதை ட்ரூ ஆக்குங்கள், டேட்டா ஏற்றுவதற்கு முன்பே. இல்லையென்றால் 32 பிஜியில் தொடங்கி, டேட்டா ஏற ஏறப் பிரித்துக்கொண்டே போகும், ஒவ்வொரு தடவையும் டேட்டா இடம் மாறும், விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது யாருக்கும் வேண்டாம். 12 ஓஎஸ்டி, ஓஎஸ்டிக்கு 100 என்ற இலக்கு, மூன்று காப்பி: 1200-ஐ 3-ஆல் வகுத்தால் 400. அதைத்தான் இரண்டு பூலும் பங்கிட்டுக்கொள்ளும். கையால் 1024, 2048 என்று பெரிய எண் போடாதீர்கள். ஓஎஸ்டிக்கு 250 என்ற வரம்பைத் தாண்டினால் அடுத்த பூலை உருவாக்கவே விடாது.

'மான் அலவ் பூல் டெலீட்' ஃபால்ஸில் இருக்கும், அப்படியே இருக்கட்டும். சோதனைப் பூலை அழிக்க ட்ரூ ஆக்கினால் அழித்த கையோடு திரும்ப ஃபால்ஸ். நேரம் மூன்று சர்வரிலும் க்ரோனி (நேரத்தை ஒத்திசைக்கும் மென்பொருள்) வைத்து ஒரே இடத்திலிருந்து எடுக்கட்டும், மானிட்டர்களுக்கு நடுவில் 0.05 விநாடி தள்ளிப்போனாலே எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைத் தவிர்க்க வரம்பைக் கூட்டச் சொல்லும் வழிகாட்டி எதையாவது படித்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.


ரேக்கடியில்:

ப்ரொஃபைல் மாற்றியதும் ரிகவரி நன்றாகவே ஓடியது. ஒரு டிஸ்கின் ஐஆப்ஸ் மட்டும் மற்றதில் கால்வாசி காட்டியது, அந்த வரியையும் எடுத்துவிட்டேன். பாண்ட் நாளைக்கு. கடைசியாக ஒன்று, பகலில் டீப் ஸ்க்ரப் (காப்பிகளை முழுதாகப் படித்துச் சரிபார்ப்பது) ஓடினால் விஎம் இழுக்கிறது. ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை மட்டும் ஓடச் சொல்லலாமா?


எம்க்ளாக்_எதிரி:

சொல்லலாம். 'ஓஎஸ்டி ஸ்க்ரப் பிகின் அவர்' 22, 'எண்ட் அவர்' 6, சர்வரின் நேர மண்டலம் என்ன என்பதைப் பார்த்துவிட்டுப் போடுங்கள், நிறைய பேர் யூடிசியில் விட்டுவிட்டு, அதிகாலை மூன்றரைக்கு ஆரம்பித்துக் காலை பதினொன்றரை வரை ஓடுகிறதே என்று புலம்புவார்கள். டீப் ஸ்க்ரப் ஒவ்வொரு பிஜிக்கும் 7 நாளுக்கு ஒரு தடவை ஆக வேண்டும் என்பது டிஃபால்ட். கிளஸ்டர் நிரம்ப நிரம்ப எட்டு மணி நேரம் போதாமல் 'நாட் டீப் ஸ்க்ரப்ட் இன் டைம்' என்று வந்தால் அந்த நேர ஜன்னலைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் டீப் இடைவெளியை 14 நாளாக்குங்கள். அதை மட்டும் குளோபலில் போடுங்கள், எச்சரிக்கை கொடுப்பதற்கு ஓஎஸ்டியோடு சேர்ந்து மற்ற டீமன்களும் அந்த மதிப்பைப் படிக்கின்றன.